குடும்பப்பெயர்: புள்ளி

எண்ணித் தா என்றார் குகபாலன் சேர்.
கொழும்புக்கு அறிக்கை போகவேண்டுமாம்:
எங்கள் கந்தோரின் எக்ஸ்எம்எல் கோப்புகள்
எந்தெந்த ஸ்கீமாவுக்குக் கட்டுப்படுகின்றன,
எத்தனை வீதம்.

ஏழாயிரத்து நூற்றிருபது கோப்புகள்.
திருக்கடலூர், சல்லி, நிலாவெளி,
அக்கரையில் மூதூர்.
படகு, என்ஜின், வலையின் கண்ணளவு,
அறுக்குளா எத்தனை கிலோ.
சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டு
வெளியே வந்து பிளேன்டீ குடித்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
மதிலில் ஒட்டிய ரியூஷன் நோட்டீசை
ஓரத்திலிருந்து தின்றுகொண்டு நின்றது.
என்ன பாடம் என்று அது பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது எண்கள் காத்திருந்தன.

ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டிடிடி.
சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணக்காரர் விட்டுப்போனது.
தலைப்பு வரி மட்டும் மிச்சம்,
ஆளில்லாத வீட்டுக் கதவில் இலக்கம் போல.

மூவாயிரத்து எண்ணூறு எக்ஸ்எஸ்டி.
அதாவது, தாங்களே அப்படிச் சொல்லிக்கொள்கின்றன.
அவை காட்டிய விலாசத்தைத் தட்டிப் பார்த்தேன்.
அங்கே ஒருவரும் இல்லை.

ரிலக்ஸ் என்ஜி பதினொன்று.
பதினொன்றும் ஒரே கை.
பெனடிற் விமலகாந்தன்,
எனக்கு முன்னால் இந்தக் கதிரையில் இருந்தவர்.
அடைப்புக்குறிக் காடு வளர்க்காமல்
மூச்சுவிட இடம் வைத்து எழுதியிருந்தார்.
கதிரையை ஒருமுறை துடைத்துவிட்டு இருந்தேன்.
இப்போது கட்டாரில் லிப்ட் கம்பனியொன்றில்
ஸ்டோர்ஸ் பார்க்கிறாராம்.

ஸ்கீமாட்ரொன் ஒன்று.
அதுவும் அவருடையதுதான். அதில் ஒரேயொரு விதி:
கரை திரும்பிய நேரம்
கடலுக்குப் போன நேரத்துக்குப் பிந்தியிருக்கவேண்டும்.

மிச்சம் இரண்டாயிரத்து இருநூறுக்கு
ஸ்கீமாவே கிடையாது.
அவைதான் ஒரு நாளும் பிழைக்காதவை.

சரி, சரிபார்ப்பது யார் என்று தேடிப்போனால்
சுவிட்ச் அணைந்து கிடக்கிறது.
பக்கத்தில் யாரோ எழுதிய குறிப்பு:
'மழை. வரிசை கேற் மட்டும் நிக்குது.
நாளைக்குத் திரும்பப் போடுறன்.'
அந்த நாளைக்கு ஒன்பது வயது.

கவுண்டர்த் திரை மட்டும்
ஒன்றை விடாமல் கேட்டுவந்திருக்கிறது:
குடும்பப்பெயர். கட்டாயம். ஓர் எழுத்தாவது.
'அவங்களுக்கு அப்படி ஒன்டு இல்லியே,
வாப்பாட பேர்தானே முன்னுக்கு நிக்கிது'
என்றாள் ரிஸ்மினா.
அதனால் ஒரு புள்ளி போடுவாளாம். புள்ளி போதும்.
திருக்கடலூர் சிவஞானவேலும்
கிண்ணியா அப்துல் சமது லெப்பையும்
கொட்பே தொன் சிறில் அப்புஹாமியும்
இந்த இயந்திரத்துக்கு
புள்ளி வீட்டுப் பிள்ளைகள்.

மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து
சுவிட்சைப் போட்டேன்.
திரை முழுக்கச் சிவப்பு.
படகு இலக்கத்தில் ஒரு கோடு கூட,
கிலோவுக்குள் 'சுமார்' என்ற சொல்,
திகதி இருக்கவேண்டிய இடத்தில் 'பறுவத்துக்கு முந்தின நாள்'.
ஈரச் சிட்டையோடு ஒருவர் கவுண்டரில் வந்து நிற்க
அணைத்துவிட்டேன்.

பெனடிற்றின் அந்த ஒற்றை விதியை மட்டும்
எல்லாக் கோப்புகளிலும் ஓடவிட்டேன்.
ஏழாயிரத்து நூற்றிருபதில்
ஒன்று மட்டும் நின்றது.
போன நேரம்: அதிகாலை மூன்று நாற்பது.
திரும்பிய நேரம்:

'போட மறந்திருப்பாங்க' என்றாள் ரிஸ்மினா,
திரையைப் பார்க்காமல்.

அறிக்கை எழுதினேன்.
ஸ்கீமாட்ரொன்:
பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று நான்கு வீதம்.
சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'இவ்வளவு சின்ன எண்ணை
ஆர் வாசிக்கப்போறான், பிள்ளை,
பூச்சியம் எண்டு போடு' என்றார்.
பக்கத்துப் பெட்டியில் என் பெயர் கேட்டிருந்தது,
குடும்பப்பெயரும்.